பேட்ச் ஓடும்போது யாரும் வரக்கூடாது

எங்கள் கேட்டில் ஒரு போர்டு தொங்குகிறது. 'பண்ணைக்குள் அந்நியர் வரக்கூடாது' என்று சிவப்பு எழுத்தில் கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தது. அதை மாட்டிய அன்றைக்கே எனக்குச் சிரிப்பு வந்தது. கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மண்பாதையில் நடந்து, கோழி நாற்றத்தை மோந்துகொண்டே இங்கு வந்து சேர எவன் துடித்துக்கொண்டிருக்கிறான்? உள்ளே இருக்கிறவள் வெளியே போகக்கூடாது என்று எழுதியிருந்தால் அதாவது உண்மையாக இருந்திருக்கும்.

போர்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு ஷெட், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் ரூம், ஒற்றை அறை வீடு, அப்புறம் நான். மேற்கே கல்வராயன் மலை. எங்கள் பெண் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், தண்ணீர், கரண்ட், உடம்பு நம்முடையது. குஞ்சு வந்து இறங்கியதிலிருந்து கோழியாகி லாரி ஏறும் வரைக்கும் ஒன்றரை மாதம் ஆகும். அதற்குப் பெயர் ஒரு பேட்ச். பேட்ச் ஓடும்போது கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, கோயில் திருவிழா கிடையாது. பத்திரிகையெல்லாம் போனில் வரும், போனிலேயே பார்த்துக்கொள்வேன். சாவு மட்டும் பேட்ச் எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. நைனார்பாளையத்தில் பெரியம்மா போய்ச் சேர்ந்தபோது, காலையில் போய் மாலை போட்டுவிட்டு, பொணம் எடுப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

என் வீட்டுக்காரர் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். வண்டி அவருடையது இல்லை, ஆத்தூர்ப் பக்கத்து முதலாளி ஒருவருடையது. மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், பாலக்காடு, ஆந்திரா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நெல் எங்கே பழுக்கிறதோ அங்கே அவர் இருப்பார். எங்கள் பக்கம் கரும்பு. அதனால் எனக்கு அவர் கிடைப்பதில்லை.

ஷெட் போட்டதே அவர் அலைவதை நிறுத்தத்தான். அஸ்திவாரம் தோண்டும்போது மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டு அவராகவே சொன்னார். "ரெண்டு பேட்ச் நல்லா ஓடட்டும். வண்டி ஓட்டறத உட்டுட்றேன். அப்பறம் நீயும் நானும் இங்கதான்." நான் நகை கேட்கவில்லை, மாடி வீடு கேட்கவில்லை. அந்த 'நீயும் நானும்' ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேட்ச் நன்றாகவே ஓடியது. அதற்கப்புறமும் ஓடியது. எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அவரோ இந்த ஒரு சீசன், இந்த ஒரு சீசன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. விடிந்ததும் நைட்டிக்கு மேல் நீலச்சட்டையை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டு ஷெட்டுக்குள் நுழைவேன். சட்டை அவருடைய பழைய சட்டை. என்றைக்கும் நீலம்தான். கோழிக்கு நிறம் தெரியும். குஞ்சாக இருக்கும்போது எந்த நிறத்தில் உங்களைப் பார்த்ததோ அதே நிறத்தில்தான் கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும். திடீரென்று வேறு நிறத்தில் போய் நின்றால் பேயைக் கண்ட மாதிரி ஓடும். மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். சத்தத்துக்கும் அப்படித்தான். அதனால் ஷெட்டில் பகலெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். சத்தம் பழகிவிட்டால் பயம் கம்மியாகும் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தது. கோழிக்காக வைத்த ரேடியோவில் நானும் பாட்டு கேட்டேன். பாட்டுக்கு நடுவே பேசுகிறவர்கள் "நேயர்களே" என்று கூப்பிடும்போது ஒரு ஆள் நம்மைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் மலையிலிருந்து ஒரு அம்மா தேனும் நெல்லிக்காயும் எடுத்துக்கொண்டு இறங்கி வரும். என் வயதுதான் இருக்கும். வியாபாரம் முடிந்து திரும்பும்போது எங்கள் தொட்டி நிழலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகும். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசுவோம். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட சூப்பர்வைசர் குதித்தார். மலையில் வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள், சீக்கு காலோடு ஒட்டிக்கொண்டு வரும், உள்ளே விடாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கப்புறம் அந்த அம்மா கேட்டுக்கு வெளியே கல்லின் மேலும், நான் உள்ளே குத்துக்காலிட்டும் உட்கார்ந்து பேசினோம். "ஜெயில்ல மனு போட்டுப் பாக்க வந்த மாதிரி இருக்குது" என்று அது சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி வெயிலில் கல்லின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பாள்? கொஞ்சம் கொஞ்சமாக வருவது நின்றுபோனது.

மிச்சம் இருந்தது போன்தான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் போனில் பேச ஒரே ஒரு விஷயம்தான் உண்டு, ரிப்பேர்.

முதல் தடவை ஜெனரேட்டர் மக்கர் பண்ணியபோது அழாத குறையாக அவரைக் கூப்பிட்டேன். "அழுவாத. ஸ்டார்ட் பண்ணு. போன இஞ்சின் பக்கத்துல வை. நீ பேசாத" என்றார். வைத்தேன். எங்கேயோ பாலக்காட்டு வயல் வரப்பில் நின்றுகொண்டு அவர் அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "பெல்ட்டு லூசா இருக்குது. இன்னொருக்கா வை" என்றார். மறுபடி கேட்டார். அவர் மூச்சுகூட விடாமல் கேட்பது இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசியதை இந்த மனுஷன் ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கிறாரா என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பாழாய்ப்போன இன்ஜினுக்கு வந்த வாழ்வு.

ஆனாலும் கற்றுக்கொண்டேன். வேறு வழி? போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. வெயில் காலத்தில் ஷெட்டுக்குள் புகை மாதிரித் தண்ணீர் தெளிக்கிற குழாயின் மூக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். கழற்றி எலுமிச்சை உப்பில் ஊறப்போட்டு, ஊசியால் குத்தி மாட்டக் கற்றேன். கோழி அலகால் தட்டிக் குடிக்கிற நிப்பிள் ஒழுகினால் கீழே பரப்பிய உமி நனைந்து கட்டி தட்டும், அந்த நெடியில் கண்ணெல்லாம் எரியும். நிப்பிள் மாற்றக் கற்றேன். ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை ஏற்றி இறக்குகிற கம்பி அறுந்தால் கோத்துப் போடக் கற்றேன். கிரீஸ் என் நகக்கண்ணில் ஏறியது, எந்த சோப்புக்கும் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கற்க, போன் வருவது ஒவ்வொன்றாகக் குறைந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் நடுப்பகலில் கரண்ட் போனது. கோழியெல்லாம் முழு வளர்த்தி, லாரி வரப்போகிற சமயம். அந்த எடையில் கோழியால் வெயில் தாங்க முடியாது. ஃபேன் நின்றதும் ஷெட்டுக்குள் ஒரு அமைதி வந்தது. அத்தனை கோழியும் வாயைத் திறந்துகொண்டு, ரெக்கையை உடம்பில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தன. ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடி ஹேண்டிலைச் சுற்றினேன். இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, நின்றது. மறுபடி சுற்றினேன். மறுபடி அதே.

அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மிஷின் மேல் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் காதில் விழாது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பக்கத்துக் கொல்லையில் யாராவது இருந்தால்கூட ஒரு குரல் கொடுத்திருப்பேன். அந்த வெயிலில் யார் இருப்பார்கள்? போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தேன்.

டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் இப்படித்தான் இருமும் என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஃபில்டர் மேலே இருந்த திருகாணியைத் தளர்த்திவிட்டு, கீழே இருந்த சின்ன பம்பைக் கட்டைவிரலால் அமுக்கினேன். நுரை நுரையாக வந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். விரல் மரத்துப்போனது. நுரை அடங்கி, சுத்தமான டீசல் வழிந்தது. திருகாணியை முடுக்கிவிட்டு, ஹேண்டிலில் என் முழு எடையையும் போட்டுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. ஷெட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் கோழி போனது, ஆனால் ஷெட் தப்பியது. அங்கேயே டீசல் கறையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமை அடித்தார். "எங்கூட்டுக்காரி இஞ்சின்ல ஏர் எடுத்துட்டா, தெரியுமா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் என்னிடம் சொன்னார்.

"இனிமே எனக்குக் கவலையே இல்லமா. மொதலாளி ராய்ச்சூர் பக்கம் வண்டி அனுப்பறாரு. தஞ்சாவூரு முடிச்சிட்டு நேரா அங்க. ஒத்துக்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினு இருந்தேன். நீதான் எல்லாத்தியும் பாத்துக்கிறியே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தால் இந்த மனுஷன் பதறிக்கொண்டு வந்திருப்பார். நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் எனக்கு வினையாகப் போனது.

"கோழிய நான் பாத்துக்கிறேன். என்ன யாருங்க பாத்துக்கிறது?" என்று கேட்டேன்.

"இன்னா இப்ப திடீர்னு?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "சிக்னல் சரியா இல்லமா, அப்பறம் பேசறேன்" என்றார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் தவளை கத்துவதுகூட எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நானாகப் போன் பண்ணவில்லை. அவர் பண்ணினால் எடுத்து, கோழி நன்றாக இருக்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். என்னைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மண்பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலை தானாகத் திரும்பும். தீவன லாரியாக இருக்கும், இல்லை கரும்பு டிராக்டராக இருக்கும். ரோஷம் இருக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு முடித்து ராய்ச்சூருக்குக் கிளம்பிய லாரி, டயர் வேலைக்காக உளுந்தூர்பேட்டையில் நின்றிருக்கிறது. ஒரு ராத்திரி நேரம் கிடைத்ததும் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார். அதெல்லாம் பிறகு தெரிந்தது. வந்த நேரத்தில் நான் ஷெட்டின் நடுவே மண்டியிட்டு ஒழுகுகிற நிப்பிளை மாற்றிக்கொண்டிருந்தேன். அது வேறு பேட்ச், கோழியெல்லாம் அப்போது முக்கால் வளர்த்தி, என்னைச் சுற்றி முழங்காலில் உரசிக்கொண்டு மேய்ந்தன. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா!"

மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு மெதுவாகப் பேசவே வராது, பத்து ஆள் தூரத்துக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். முதலாளி கொடுத்த பனியன், கண்ணைக் குத்துகிற பச்சை. ஒரு கையில் படபடவென்று சத்தம் போடுகிற பிளாஸ்டிக் பை. முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்த நொடி ஷெட்டே எழுந்தது. அத்தனை கோழியும் ஒரே வீச்சில் எதிர்மூலைக்கு ஓடி, சுவரில் முட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற ஆரம்பித்தன. அவர் என்ன ஏது என்று புரியாமல் இன்னும் இரண்டு எட்டு உள்ளே வந்தார்.

"வெளிய போ!" என்று கத்தினேன்.

இத்தனை காலத்தில் அவரை 'ங்க' போடாமல் நான் பேசியதே இல்லை. அவர் அப்படியே நின்றார். "போ, வெளிய போ!" என்று மறுபடி கத்திவிட்டு மூலைக்கு ஓடினேன். குவியலின் மேலே இருந்ததையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்னால் வீசினேன். கை, முகமெல்லாம் கீறல். வாய்க்குள் தூசி. மேலே இருந்தது பிழைத்தது. நடுவில் இருந்ததில் பாதி பிழைத்தது. அடியில் இருந்ததெல்லாம் சூடாகவே இருந்தன, ஆனால் உயிர் இல்லை.

எல்லாம் அடங்கி, வெளியே வந்து பார்த்தேன். தொட்டிப் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாதக்கணக்காக வழியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். வந்தவுடன் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

"சொல்லாம வந்தா சந்தோசப்படுவன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பேட்ச் ஓடுதுன்னு தெரியாதுங்களா? கலர் மாத்தி உள்ள போவக்கூடாதுன்னு மறந்துடுச்சுங்களா? நீங்க கட்டின ஷெட்டுதானே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஷெட் அவர் போட்டதுதான், ஆனால் அதற்குள் அவர் இருந்ததே இல்லையே.

மண்வெட்டியை எடுத்துப்போய் அவரே குழி வெட்டினார். செத்ததை நான் சாக்கில் கொண்டுவந்து கொட்ட, சுண்ணாம்பு தூவி மூடினார். குளித்துவிட்டு வந்தவருக்கு மிச்சம் இருந்த இன்னொரு நீலச்சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பையில் அல்வா இருந்தது. அதைத் தின்றுகொண்டே, "நானும் சாயங்காலத் தீவனத்துக்கு வரட்டுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டார்.

"மெதுவா வரணும். பேசக்கூடாது" என்றேன்.

நான் முன்னால், அவர் பின்னால். வெளிச்சம் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி சட்டையில். கோழிகள் என் காலடிக்கு வந்தன. அவர் கால் பக்கம் மட்டும் விலகி விலகி, அவரைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாகவே நகர்ந்துகொண்டு வந்தது. அவர் ஒரு எட்டு வைத்தால் வட்டமும் ஒரு எட்டு வைத்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எத்தனை கோபம் இருந்தாலும், அந்த நேரத்தில் அந்தக் கோழிகளை எல்லாம் அறையலாம் போல் இருந்தது.

வெளியே வந்து கேட் பக்கம் இருந்த திட்டில் உட்கார்ந்தோம். மலைக்குப் பின்னால் பொழுது இறங்கி, இருட்ட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. அவர் தோளில் சாய்ந்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சட்டை ஒண்ணுதானே, அப்பறம் இன்னாத்துக்கு ஒதுங்குது?" என்று கேட்டார்.

"சட்டைய மட்டுமா பாக்கும்? நடையப் பாக்கும், கொரலக் கேக்கும்."

"பழகறதுக்கு எத்தினி நாளு ஆவும்?"

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "நாலஞ்சு நாளுங்க. காலையும் சாயங்காலமும் எங்கூட வந்துக்கினு இருந்தா போதும். தானா வந்து காலச் சுத்தும்."

"நாலஞ்சு நாளு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைத் திருகினார். இதற்கு மேல் ஒரு பொம்பளை எப்படிக் கேட்பாள்?

"உளுந்தூர்பேட்டைக்கு மொத பஸ்ஸு காலையில எத்தினி மணிக்குமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.